பெட்டியைத் தள்ளுவதா, இழுப்பதா?

20 கிலோ பெட்டி, எடை ஏறத்தாழ 200 நியூட்டன். தரையோடு உராய்வுக் குணகம் (தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற அளவு) 0.4. விசை கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில்.

மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் விசையின் ஒரு பகுதி பெட்டியைத் தூக்குகிறது. தரை தரும் செங்குத்து விசை 162.5 நியூட்டனாகக் குறைகிறது. சீரான வேகத்தில் நகர்த்த 75 நியூட்டன் போதும். கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் அந்தப் பகுதியே பெட்டியைத் தரையில் அழுத்துகிறது. செங்குத்து விசை 260, தேவையான விசை 120. சந்தேகமே இல்லை, இழுப்பதுதான் மேல்.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் இரண்டுக்குமே 92 நியூட்டன் என்ற தவறான விடைதான் வரும்.

அப்புறம், தள்ளும் கோணம் சுமார் 68 டிகிரியைத் தாண்டிவிட்டால், எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நிற்கும் பெட்டி நகராது. விசை கூடக்கூட உராய்வும் கூடிக்கொண்டே போகும்.