1000 மி.கி. மீன் எண்ணெய் கேப்சூல்: டப்பாவின் பின்பக்கமும் படிக்க வேண்டும்

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1000 என்பது எண்ணெயின் மொத்த எடை. எதற்காகக் காசு கொடுக்கிறோமோ அந்த ஒமேகா-3 எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண ரகத்தில் ஒமேகா-3-இன் இரு வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி. மீதி 700-இல் பால்மிடிக் போன்ற நிறைவுற்ற கொழுப்பும் ஒலியிக் அமிலமும் இன்ன பிறவும். அவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் அவை சாப்பாட்டிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. இன்னொன்றையும் பாருங்கள்: சில டப்பாக்களில் அட்டவணை இரண்டு கேப்சூலுக்குச் சேர்த்துப் போட்டிருக்கும்.

டி.எச்.ஏ. மூளையிலும் விழித்திரையிலும் செல் சவ்வுகளின் பகுதி. அழற்சியைக் கட்டுப்படுத்தும் வேதிப்பொருள்கள் சிலவற்றுக்கு இ.பி.ஏ. மூலப்பொருள். ஆளி விதை எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வேறு வகை (ஆல்ஃபா லினோலெனிக்). அதை உடல் இ.பி.ஏ.வாக மாற்றுவது கொஞ்சம், டி.எச்.ஏ.வாக மாற்றுவது அதிலும் கொஞ்சம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்த்து நாளுக்கு 250 மி.கி. போதும் என்கிறது. ஒரு கேப்சூலே அதைத் தாண்டிவிடும். வாரம் இரண்டு முறை மத்தி போன்ற கொழுப்பு மீன் சாப்பிடுபவருக்கு இது வீண் செலவு.

‘அடர் ஒமேகா-3’ என்று விற்பதில் ஒரே கேப்சூலில் 600 மி.கி.க்கு மேலும் இருக்கும். ஆனால் அதில் பல எத்தில் எஸ்டர் வடிவம் (அடர்த்தியாக்குவதற்காக வேதிமுறையில் மாற்றியது). வெறும் வயிற்றிலோ கொழுப்பே இல்லாத சாப்பாட்டோடோ போட்டால் இது சரியாக உறிஞ்சப்படாது. பித்தநீர் சுரக்க ஓரளவு கொழுப்பு வேண்டும். டிரைகிளிசரைடு வடிவத்துக்கு (மீனில் இயற்கையாக இருப்பது போன்றது) இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் நாளின் பெரிய சாப்பாட்டோடு போடுங்கள், மீன் ஏப்பமும் குறையும்.

இந்தப் பொருளின் பெரிய பலவீனம் ஆக்சிஜன் பட்டுக் கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதுதான். டி.எச்.ஏ.வில் ஆறு இரட்டைப் பிணைப்புகள், இ.பி.ஏ.வில் ஐந்து. ஆக்சிஜன் தாக்குவது அவற்றின் பக்கத்தில்தான். வாங்கியதும் ஒரு கேப்சூலைக் கத்தரித்து ஸ்பூனில் பிழிந்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை இருந்தால் சரி. பெயின்ட் போலக் காரமாக மூக்கில் ஏறினாலோ, நாக்கில் கசந்தாலோ திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்ததில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. குடலில் கரையும் பூச்சுள்ளவை ஏப்பத்தோடு கெட்ட வாடையையும் மறைத்துவிடும்.

ஆய்வுச் சான்றிதழ் தரும் நிறுவனம் என்றால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்கள் பெராக்சைடு 5, அனிசிடின் 20, டோட்டாக்ஸ் 26 என்ற வரம்புகளுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெராக்சைடு மட்டும் குறைவு என்பதை நம்ப முடியாது: பழைய எண்ணெயில் பெராக்சைடு சிதைந்து ஆல்டிஹைடாகிவிடுவதால் அந்த எண் மறுபடி இறங்கும். ஃபிரிட்ஜில் வைத்தது வெண்மையாக மங்கினால் பயப்பட வேண்டாம், நிறைவுற்ற கொழுப்பு உறைந்திருக்கிறது, அவ்வளவே.

‘இதயத்தைக் காக்கும்’ என்ற வரிக்காக வாங்காதீர்கள். 2018-இல் வெளியான வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 840 மி.கி. ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு கொழுப்பைக் குறைக்க மருத்துவர்கள் தரும் 4 கிராம் அளவு வேறு விஷயம். அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) அபாயம் கூடுகிறது. கடைக் கேப்சூல்களைக் கூட்டிப்போட்டு அந்த அளவை எட்டப் பார்ப்பது முட்டாள்தனம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் காட் மீன் ஈரல் எண்ணெயை இதற்கு மாற்றாக எடுக்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது. சைவர்களுக்குக் கடற்பாசி எண்ணெய்க் கேப்சூல் இருக்கிறது. சிலவற்றில் டி.எச்.ஏ. மட்டுமே இருக்கும், இ.பி.ஏ.வும் வேண்டுமென்றால் அட்டவணையில் தேடிப் பாருங்கள்.