ஃபைபர் பறக்கிறது, டிஎன்எஸ் வாய் திறக்காது

கொக்குவிலில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஃபைபர் எடுத்து மூன்று மாதம். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, எழுதினால் கீழே சண்டைதான் நடக்கும். வேகத்தில் குறை இல்லை, மாரி மழைக்குக்கூட அறுந்ததில்லை. குறையெல்லாம் அவர்களின் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயருக்கு ஐபி எண்ணைத் தேடித்தரும் சேவை), அதுவும் ஐபியைக் கொடுத்துப் பெயர் கேட்கும் ரிவேர்ஸ் பக்கத்தில்.

வீட்டிலிருந்து அலுவலகத்துப் பழைய லினக்ஸ் சேர்வருக்குள் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) போனால் பாஸ்வேர்ட் கேட்கவே 10 செக்கன் ஆனது. ஒவ்வொரு முறையும் அச்சொட்டாக 10. நெட் மெதுவென்றால் ஒருநாள் 3, ஒருநாள் 12 என்று ஆடும், இது ஆடவேயில்லை. லினக்ஸ் ஒரு டிஎன்எஸ் கேள்விக்கு 5 செக்கன் காத்திருந்து இரண்டு தரம் முயலும், கணக்கு சரி. வருகிறவரின் ஐபிக்குப் பெயர் தேடும் வசதி அந்தச் சேர்வரில் ஓனாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீயோடு இருந்து, சேர்வரின் லொக்கில் கிடந்த 20 ஐபிகளை, டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 8.8.8.8 உடனே பெயர் சொன்னது. பெயரில்லாத ஐபிக்கு என்எக்ஸ்டொமெய்ன், அதாவது அப்படிப் பெயரே இல்லை என்ற பதில், அதுவும் உடனே; இல்லை என்பதும் பதில்தானே. ஆனால் 6 ஐபிகளுக்கு ஒரு சத்தமும் இல்லை, டிக் மூன்று தரம் கேட்டு 15 செக்கனில் கைவிட்டது, அதில் ஒன்று என் வீட்டு ஐபி. அதே ஆறையும் ஒரு பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் சேர்வ்ஃபெயில், அதாவது தேடிப்பார்த்தும் முடியவில்லை, என்றாவது சொல்கிறது. அந்த ஐபிகளுக்குப் பொறுப்பான சேர்வர்கள் செத்துக் கிடப்பதற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது, சரி, ஆனால் செத்துவிட்டது என்று சொல்லவும் வாய் இல்லையா? (நீங்களும் அளப்பதென்றால் சராசரி எடுக்காதீர்கள். இரண்டாம் தரம் கேட்டால் முதல் பதிலைச் சேமித்து வைத்திருக்கும் கேஷிலிருந்து உடனே வந்து கணக்கை அழகாக்கிவிடும்.)

நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் எடுத்தேன். தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார்: "அண்ணை, ரூட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ." பண்ணினேன். அதே 10.

எங்கள் ஐபிக்கு பிடிஆர் பதிவு (இந்த ஐபியின் பெயர் இது என்று சொல்லும் ரிவேர்ஸ் பதிவு) கேட்டபோது மட்டும் இரண்டே நாளில் போட்டுத் தந்தார்கள், அது இல்லாமல் எங்கள் மெயிலைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், அதற்கு நன்றி.

இப்போது சேர்வரில் அந்தப் பெயர் தேடலை நிறுத்திவிட்டு, மூலையில் கிடந்த பழைய பெட்டியில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறேன். இணைப்புக்கு 4 நட்சத்திரம், டிஎன்எஸ்ஸுக்கு 1, அந்த ஒன்றும் பிடிஆருக்காக.