திராட்டில் பொசிஷன் சென்சார்: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, ஸ்கோப்பா?

இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சி வால்வுதான் திராட்டில். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்டேஜாக இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார். ஓட்டத்தில் ஜெர்க் அடிக்கிறது, ஐட்லிங் ஏறி இறங்குகிறது, அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0122 அல்லது பி0123 என்ற பழுதுக் கோடு வருகிறது என்றால், பல இடங்களில் உடனே சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்பது மட்டுமே. எர்த் ஒயர் விட்டுப்போனாலும் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி பி0123 வரும். சென்சார் நன்றாகவே இருக்கும்.

ஸ்கேனரில் எதையும் கழற்றாமல் லைவ் டேட்டா பார்க்கலாம். ஆனால் நொடிக்குச் சில முறைதான் மதிப்பு மாறும். கண நேரம் சிக்னல் அறுந்து சேர்ந்தால் அது காட்டாமலே போகலாம்.

கேபிளில் இயங்கும் மூன்று ஒயர் திராட்டிலுக்கு மல்டிமீட்டரே போதும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். கப்ளர் (சென்சாரில் ஒயர்கள் சேரும் இணைப்பு) மாட்டியபடியே இருக்கட்டும். அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளங்கள், ஒயரின் உறையைக் குத்த வேண்டாம். ஒரு ஒயரில் 5 வோல்ட், எர்த்தில் 0.1 வோல்ட்டுக்குள், சிக்னலில் மூடிய நிலையில் சுமார் 0.5 முதல் 0.9, முழுக்கத் திறந்தால் 4 முதல் 4.5 வோல்ட் வர வேண்டும். 5 வோல்ட்டே வரவில்லையா? சென்சாரை விட்டுவிட்டு ஒயரிங்கைப் பாருங்கள். அதே லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியும் அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுத்திருக்கலாம்.

பிறகு திராட்டிலை மிக மெதுவாகத் திறங்கள். வோல்டேஜ் தடங்கலின்றி ஏற வேண்டும். சென்சாருக்குள் ஒரு முனை கார்பன் தடத்தின் மேல் உரசி நகரும். தினசரி ஓட்டத்தில் அதிகம் உரசுவது தொடக்கத்துச் சிறு பகுதிதான். கார்பன் தடம் தேய்வதும் அங்கேதான். அந்த இடத்தைச் சென்சாரைத் தட்டியபடி திரும்பத் திரும்பச் சோதியுங்கள். இதற்கு டிஜிட்டலைவிடப் பழைய முள் மீட்டரே மேல், முள் துள்ளுவது கண்ணில் படும். கப்ளரைக் கழற்றி ஓம்ஸ் மட்டும் அளப்பதை நம்ப முடியாது, ஒயர் பழுது அதில் தெரியவே தெரியாது.

வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) ஒரே ஏற்றத்தில் தேய்ந்த இடம் செங்குத்துப் பள்ளமாக விழுந்து தெரியும். சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு இதற்கு நிகர் இல்லை. விலைதான் தடை.

கேபிள் இல்லாமல் மோட்டாரே திறந்து மூடும் எலக்ட்ரானிக் திராட்டிலில் நிலைமை வேறு. சென்சாரின் இரண்டு சிக்னல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், பிசகினால் பி2135 கோடு வரும். அங்கே ஸ்கேனரில் இரண்டையும் சேர்த்து கிராஃபாகப் பார்ப்பதே முதல் வேலை. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டாம்பூச்சி வால்வில் விரல் வைக்காதீர்கள், மோட்டார் நசுக்கிவிடும். பெரும்பாலும் சென்சார் தனியாகக் கிடைக்காது, திராட்டில் பாடியையே மாற்ற வேண்டும். மாற்றிய பின் ரீலேர்ன் செய்யவும் (புதிய பாடியின் நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கவும்) பல கார்களுக்கு ஸ்கேனர் தேவை.