இ-பாஸ்போர்ட்: பழைய பூட்டா, புதிய பூட்டா?

இ-பாஸ்போர்ட்டின் சிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயர், எண், பிறந்த தேதி, முகப்படம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் தொடாமலேயே ரேடியோ அலையில் படிக்கக்கூடிய சிப் அது. அதனால்தான் பூட்டு தேவைப்படுகிறது.

பழைய பூட்டின் பெயர் பி.ஏ.சி. (Basic Access Control, அடிப்படை அணுகல் கட்டுப்பாடு). படமுள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? குடியேற்ற அதிகாரி அவற்றை ஸ்கேன் செய்யும்போது பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் வைத்துச் சாவி தயாராகிறது. அந்த வரிகளைப் பார்க்காதவருக்கு சிப் வாய் திறக்காது. யோசனை நல்லதுதான், சாவிதான் நோஞ்சான். பிறந்த தேதியை ஏறக்குறைய ஊகிக்கலாம். எண்களை வரிசையாக வழங்கினால், எண்ணிலிருந்தே காலாவதித் தேதியை நெருங்கிவிடலாம். தொடக்ககால டச்சு பாஸ்போர்ட்டுகளில் இப்படித்தான் ஆயிற்று. சிப்பும் அதைப் படிக்கும் கருவியும் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவர், பிறகு கணினியில் ஆற அமரச் சாவியைத் தேடலாம்.

புதிய பூட்டு ஜெர்மனியில் உருவான 'பேஸ்' (PACE). இதற்கும் கடவுச்சொல் அதே அச்சு வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் டிஃபி-ஹெல்மன் முறையில் (ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாதபடி இரு தரப்பும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் கணித முறை) புதிய சாவி பிறக்கிறது. விடுதியில் நீங்கள் கொடுத்த ஜெராக்ஸ் பிரதி பின்னர் ஒட்டுக்கேட்டவர் கையில் சிக்கினாலும், பதிவு செய்த பழைய உரையாடல் திறக்காது. பி.ஏ.சி.யில் திறந்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே என் ஓட்டு பேஸுக்கு. (ஜெராக்ஸும் கையுமாக பாஸ்போர்ட்டின் பக்கத்திலேயே வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.)

நகலெடுப்பதை இரண்டு பூட்டுமே தடுப்பதில்லை. தரவைத் திருத்தினால், வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையெழுத்து காட்டிக்கொடுக்கும்; அப்படியே இன்னொரு சிப்புக்கு மாற்றினால் கையெழுத்தும் கூடவே போய்விடும். 2006-இல் ஜெர்மன் பாஸ்போர்ட்டை வைத்து இதைச் செய்தே காட்டினார்கள். சிப்பை விட்டு வெளியே வராத தனிச் சாவியைச் சோதிக்கும் முறை இருந்தால்தான் நகல் பிடிபடும்.

விரல்ரேகையில் நாடுகள் பிரிகின்றன. அமெரிக்கா முகப்படத்தோடு நிறுத்திக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் ரேகையையும் கேட்கிறது. அதைப் படிக்க, கருவி தன் அனுமதிச் சான்றிதழைச் சிப்பிடம் காட்ட வேண்டும். கெட்டியான ஏற்பாடுதான். ஆனால் சிப்புக்குள் பேட்டரியும் இல்லை, கடிகாரமும் இல்லை. கடைசியாகப் பார்த்த சான்றிதழின் தேதியைத்தான் அது இன்றைய தேதியாக எண்ணிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்த பாஸ்போர்ட், காலாவதியான சான்றிதழோடு வரும் திருட்டுக் கருவியையும் நம்பிவிடக்கூடும். ரேகை விஷயத்தில் நான் அமெரிக்கப் பக்கம்.