மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்: ஒரு தாலாட்டு, ஒரு ஜப்தி நோட்டீஸ், எட்டு முழ வேட்டி

வானத்திலிருந்து இறங்கி லண்டன் வீடொன்றின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாயத் தாதி மேரி பாப்பின்ஸ். 1964-இல் அவள் பெயரிலேயே வந்த படத்தின் அடுத்த பாகம் 2018 டிசம்பரில்தான் வந்தது. இடையில் 54 ஆண்டு. முதல் படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தாத்தா வீட்டில் பிள்ளைகள் கூடும்போது போட்டுக் காட்டத் தக்க படம்தான் இது. ஆனால் முதல் படத்தைப் பார்க்காமல் இதைத் தொடக் கூடாது.

காரணம் கதையிலேயே இருக்கிறது. அன்று மேரி பார்த்துக்கொண்ட சின்னப் பையன் மைக்கேல் இப்போது மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. மனைவி இறந்துவிட்டாள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் லண்டன் முடங்கிக் கிடக்கிறது. ஓவியரான மைக்கேல், தன் அப்பா வேலை பார்த்த வங்கியிலேயே பகுதிநேரக் காசாளர். கடன் வாங்கியதும் அங்கேதான். மூன்று மாதத் தவணை பாக்கி. வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் முழுக் கடனையும் கட்டாவிட்டால் வீடு போய்விடும் என்று வக்கீல்கள் வந்து கதவில் நோட்டீஸ் அடித்துவிட்டுப் போகிறார்கள். அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரம் கிடைத்தால் பிழைக்கலாம். நகையை அடகு வைத்துக் குறுவை நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைக்கேல் பரணில் ஏறித் தேடும்போது, பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் அதிகம் பதறுவார்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முதல் படத்தில் மைக்கேல் கையில் இரண்டு பென்னி இருக்கும். வங்கியில் போடு என்கிறார்கள் பெரியவர்கள். அவனுக்கோ புறாக்களுக்குத் தீனி வாங்க வேண்டும். காசைத் திருப்பிக் கொடு என்று அவன் போட்ட கூச்சலில் வங்கியே கலகலத்துப்போகும். இரண்டாம் படத்தில் வீட்டை மீட்பது அந்த இரண்டு பென்னிதான், முதலீட்டில் போட்டு வளர்ந்த பணமாக. முன்கதை தெரியாதவருக்கு எங்கிருந்தோ பணம் கொட்டியதாகத் தோன்றும். தெரிந்தவருக்கு, பாட்டி என்றோ முடிந்துவைத்த சிறுவாட்டுக் காசு நல்ல நேரத்தில் கையில் கிடைத்த மாதிரி இருக்கும்.

இயக்குநர் ராப் மார்ஷல் முதல் படத்தின் கதைச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்று நடைபாதை ஓவியத்துக்குள் போனார்கள். இன்று பீங்கான் கிண்ணத்தில் தீட்டிய படத்துக்குள் போகிறார்கள். அன்று கூரைமேல் ஆடியவர்கள் புகைபோக்கி துடைப்பவர்கள். இன்று தெருவிளக்கு ஏற்றுபவர்கள் நீளக் கோலும் ஏணியும் சைக்கிளுமாக ஆடுகிறார்கள். கூரையில் மிதந்து சிரித்த மாமாவுக்குப் பதில் தலைகீழ் வீட்டில் ஒரு உறவுக்காரி. பட்டம் விட்ட இடத்தில் பலூன். இதைக் காப்பி என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் நாட்டிய நாடகமான மேலட்டூர் பாகவத மேளத்துக்கு வருகிறவர்களுக்குப் பிரகலாதன் கதை தெரியாதா? இந்த வருடம் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தானே வருகிறார்கள். சட்டகம் பழையது என்பதில் தவறில்லை. அதற்குள் வைத்த பாட்டு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒன்று நன்றாகவே நிற்கிறது. அம்மாவை இழந்த பிள்ளைகளுக்கு மேரி பாடும் தாலாட்டு. தொலைந்தவை எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன என்பது அதன் பொருள். வாத்தியம் குறைவு, குரல் தணிவு. நீலாம்பரி ராகம் கேட்டுத் தூங்கிய ஊர்க்காரர்களுக்கு அந்த நிதானம் உடனே பிடிபடும். பின்னால் பிள்ளைகளே அதைத் தங்கள் அப்பாவுக்குப் பாடிக் காட்டும் இடம்தான் படத்தின் உச்சம். பிக் பென் கடிகாரத்தில் ஏறும் காட்சி அல்ல. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் இந்தத் தாலாட்டுக்குக் கிடைத்தது.

மற்ற பாடல்கள் படம் முடிந்ததும் வாயில் வருவதில்லை. இசையமைப்பாளர் மார்க் ஷைமனுக்கு வித்தை போதாது என்பதல்ல. ஷெர்மன் சகோதரர்கள் முதல் படத்தில் சின்ன மெட்டு ஒன்றைப் போட்டு அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘சிம் சிம் செரீ’ மூன்று தட்டில், நம் திஸ்ர நடைபோல, படம் முழுக்க வந்துபோகும். நான்காம் முறை வரும்போது பிள்ளை கூடவே பாடும். ஷைமனின் பாடல்கள் நீளம், சொல் அதிகம், பெரும்பாலும் ஒரே முறை வருகின்றன. மெரில் ஸ்ட்ரீப் வரும் தலைகீழ் வீட்டுப் பாட்டை வெட்டினால் கதையில் ஒரு நூல்கூட அறுகாது.

இன்னொரு குறை வில்லன். முதல் படத்தில் வில்லனே கிடையாது; கடுகடுத்த அப்பா மனம் மாறுவதுதான் கதை. இதில் அப்பா ஏற்கெனவே நல்லவர், அதனால் கெட்ட வங்கித் தலைவர் ஒருவரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கோலின் ஃபர்த் கச்சிதமாக நடித்தாலும் அந்தப் பாத்திரம் வெறும் அட்டைப் பொம்மை.

மேரியாக நடிக்கும் எமிலி பிளண்ட், முதல் படத்து மேரியான ஜூலி ஆண்ட்ரூஸைப் போலச் செய்யாதது பெரிய நிம்மதி. இவர் மேரி கொஞ்சம் கறாரானவள், கண்ணாடி பார்த்துத் தன்னையே மெச்சிக்கொள்பவள், பி. எல். டிராவர்ஸ் 1934-இல் எழுதிய நாவலுக்கு இதுதான் நெருக்கம். முதல் படத்தில் புகைபோக்கி துடைப்பவராக நடித்த, 1925-இல் பிறந்த டிக் வான் டைக் மேசைமேல் ஏறி ஆடும் அரை நிமிடத்துக்காகவே தாத்தாக்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.

போட்டுக் காட்டும் விதம். முதல் படம் 139 நிமிடம், இது 130. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். வீட்டு புரொஜெக்டர் இருந்தால், திரைக்கு எட்டு முழ வெள்ளை வேட்டியே போதும். படம் அகலச் சட்டம், உயரத்தைப் போல 2.39 மடங்கு. வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம். மேலும் கீழும் கரையைத் தள்ளினால் 2.6 மீட்டர் அகலப் படம் சரியாக உட்காரும். பெரும்பாலான புரொஜெக்டர்களை மூன்றிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். வேட்டியைக் கொடியில் தொங்கவிடாமல் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டி இழுத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் மறுபுறம் போய்ப் படம் மங்கும்.

டிவியில் என்றால் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள். கிண்ணத்துக்குள் வரும் மிருகங்கள் கையால் வரைந்தவை. நொடிக்கு 24 படம் ஓட வேண்டியதற்கு நடுவே டிவி தானாகப் படம் செருகினால் கோடுகள் கலங்கும். பாட்டு சத்தமாகவும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்டால், ஒலி 5.1-இல், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த அமைப்பில் இருக்கும். பேச்சு நடு ஸ்பீக்கருக்கு உரியது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் அது அமுங்கும். ஸ்டீரியோவுக்கு மாற்றினால் சரியாகும். வசன வரிகள் கட்டாயம் வேண்டும். விளக்கேற்றுபவர்கள் ஒரு சொல்லுக்குப் பதில் அதற்கு இயைபாக ஒலிக்கும் சொற்களைப் போட்டுப் பேசுவார்கள், காதால் மட்டும் பிடிக்க முடியாது.

கிண்ணக் காட்சியின் கடைசியில் ஓநாய் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஓடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து வருவது தாலாட்டு. அது முடிந்ததும் படத்தை நிறுத்திவிடலாம். தலைகீழ் வீடு மறுநாள் காலை வரை காத்திருக்கும்.