ஃபிளாஷ்பேக்: பழசா, ரீமேக்கா, 2018 பதிப்பா?

போன மாதம் ஃபிளாஷ்பேக்கை மறுபடி ஆடி முடித்தேன். பிரான்சின் டெல்ஃபின் சாஃப்ட்வேர் 1992இல் கொண்டுவந்த வீடியோ கேம். நினைவு அழிக்கப்பட்ட கான்ராட் ஹார்ட், சனியின் நிலவான டைட்டனில் ஒரு காட்டுக்குள் விழுந்து கிடப்பான். கையில் கிடைக்கும் ஹோலோகியூபில் (பதிவு செய்த சேதியைக் காட்டும் சிறு கருவி), அவனே அவனுக்குச் சொல்லி வைத்த சேதி இருக்கும்: நியூ வாஷிங்டனுக்குப் போய் நண்பன் இயனைப் பார். உருமாறும் வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களோடு மனிதர்களாகக் கலந்திருப்பதைக் கான்ராட் கண்டுபிடித்துவிட்டான், அதுதான் அவன் செய்த தப்பு.

இன்றைக்கு இதை ஆட மூன்று வழி. டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) பழைய டாஸ் பதிப்பு, 2013 ரீமேக், மைக்ராய்ட்ஸ் 2018இல் விட்ட 25ஆம் ஆண்டுப் பதிப்பு. மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் 2018இல்தான் நின்றேன்.

படம், ஒலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீமேக் பளபளப்பு, மற்ற இரண்டும் பிக்சல். எனக்கு முடிவைத் தீர்மானித்தது கான்ராடின் நடை.

பழைய கேமில் தரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள். பாண்டி ஆடுகிற மாதிரிதான். ஒருமுறை தட்டினால் ஒரு எட்டு வைப்பான். தாவச் சொல்லிவிட்டால் தாவி முடிக்கும்வரை நம் பேச்சைக் கேட்க மாட்டான். நிஜ ஆளைப் படம்பிடித்து, ஒவ்வொரு அசைவையும் அதன்மேல் வரைந்து எடுத்தது என்பதால் அந்த உடம்புக்கு ஒரு கனம் இருக்கிறது. மேலே விளிம்பைப் பிடித்து ஏற வேண்டுமென்றால் சரியாக அதற்குக் கீழே நிற்க வேண்டும். பள்ளத்தை ஓடிவந்து தாண்டுவதற்கு, எங்கிருந்து ஓடத் தொடங்குவது என்று முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் எரிச்சல்தான் வரும். அப்புறம் விரல் தானாக எண்ணத் தொடங்கிவிடும். துப்பாக்கியை உருவி, உருண்டு, எழுந்து சுடுவதைக்கூடத் திட்டம் போட்டுத்தான் செய்வோம்.

ரீமேக்கில் இந்தக் கணக்கே இல்லை. இஷ்டத்துக்கு ஓடலாம், எந்தத் திசையிலும் குறிபார்க்கலாம், புள்ளி சேர்த்துத் திறமைகளை உயர்த்தலாம். தனியாகப் பார்த்தால் மோசமில்லை; நியூ வாஷிங்டனின் ஆழம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் கட்டத்தை நம்பி அமைத்த இடங்களில் கட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் ஓட்டம். கான்ராட் வேறு வாய் ஓயாமல் பேசுகிறான். இத்தனைக்கும் இரண்டையும் முன்னின்று செய்தவர் ஒரே ஆள், பால் குய்ஸே. ரீமேக்குக்குள்ளேயே 1992 கேமை ஆடக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். கதையின் நடுவில் வரும் டெத் டவர் என்ற உயிர்ப்பணயப் போட்டியோடு ரீமேக்கை விட்டுவிட்டேன், ஆகவே பின்பகுதி எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்படியென்றால் டாஸ் பதிப்பே போதுமே என்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். லெவலுக்குள் சேவ் செய்ய அங்கங்கே உள்ள எந்திரங்களைத் தேடிப் போக வேண்டும். ஒரு எட்டு பிசகிச் செத்தால் அங்கிருந்து மறுபடி. பள்ளி விடுமுறையில் அது சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல், மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டுப்படியாகாது.

2018 பதிப்பு இங்கேதான் ஜெயிக்கிறது. நடை பழைய நடைதான், கட்டமும் அப்படியே. ஆனால் ரீவைண்ட் வைத்திருக்கிறார்கள். தவறான எட்டை வைத்துவிட்டால் கொஞ்சம் பின்னால் போய் அதே எட்டைத் திருத்தலாம். இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. நான் வெட்கமில்லாமல் பயன்படுத்தினேன். எட்டை எண்ணும் வேலை என்னவோ என்னிடமே இருந்தது. பிக்சலை வழவழப்பாக்கும் ஃபில்டர்களை மட்டும் அணைத்துவிடுங்கள், எண்ணெய் பூசிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

நான் ஆடியது கம்ப்யூட்டரில், கீபோர்டில். கன்சோலில் தொட்டதில்லை. கேம்பேடு செருகிப் பார்த்தபோது அனலாக் குச்சி எட்டுக் கணக்கைக் குழப்பியது, பக்கத்திலிருக்கும் திசைப் பொத்தான்கள் பரவாயில்லை.