கரையில் ஏறாத தரையிறங்கு கப்பல்: பே வகை பற்றிய மதிப்பீடு

பிரிட்டிஷ் கடற்படைக்குத் துணையாக இயங்கும் ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலரியின் கப்பல்களை ஓட்டுபவர்கள் போர்வீரர்கள் அல்லர்; வணிகக் கப்பல் மாலுமிகளைப் போலப் பயிற்சி பெற்ற குடிமை ஊழியர்கள். 2006, 2007ஆம் ஆண்டுகளில் அங்கே பணிக்கு வந்த, படையினரையும் வண்டிகளையும் கரையில் இறக்கும் பே வகைக் கப்பல்கள் நான்கின் தரத்தை எடைபோட வேண்டுமானால், அவை எவற்றின் இடத்தை நிரப்பின என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முந்தைய ஆறு கப்பல்களும் ஆர்தர் மன்னரின் வட்டமேசை வீரர்களுடைய பெயர்களைத் தாங்கியவை. முதலாவதான 'சர் லான்ஸ்லாட்' 1964இல் பணிக்கு வந்தது. 1970இல் ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலரியின் கைக்கு மாறும்வரை அவற்றை நிர்வகித்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி; சென்னையிலிருந்து 'ரஜூலா' ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் முன்னோர் நன்கறிந்த அதே கம்பெனிதான். முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட இக்கப்பல்கள் மணற்கரையில் மூக்கை ஏற்றி நின்று வண்டிகளை இறக்கக்கூடியவை. அது முடியாத இடங்களுக்காக, எஃகுப் பெட்டிகளைப் பிணைத்து மோட்டார் பொருத்திய 'மெக்ஸிஃப்ளோட்' மிதவைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். நம் கட்டுமரத்தின் சூத்திரமேதான், மரத்துக்குப் பதில் இரும்பு.

மிதவைக்கும் படகுக்கும் காத்திருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1982 ஜூன் 8 காட்டியது. ஃபாக்லாந்துப் போரில் ஃபிட்ஸ்ராய் அருகே நங்கூரமிட்டிருந்த, அந்த ஆறில் ஒன்றான 'சர் கலஹாட்'டில் வீரர்கள் பலர் இறங்காமல் பட்டப்பகலில் பல மணி நேரம் இருந்தபோது அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் விமானங்கள் குண்டுவீசின. அந்த ஒரு கப்பலில் மட்டும் 48 பேர் மாண்டனர்.

பே வகை கரையில் ஏறுவதே இல்லை. நெதர்லாந்தின் 'ராட்டர்டாம்' கப்பலை ஒட்டிய இந்த வடிவமைப்பில், கப்பலின் பின்பகுதிக்குள்ளேயே ஒரு குளம் இருக்கிறது. அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் பின்புறம் மெல்ல அமிழும். கதவைத் தாழ்த்தியதும் கடல் உள்ளே வரும். அதுவரை தரையில் கிடந்த தரையிறங்கு படகு மிதக்கத் தொடங்கி, ஏற்றிய வண்டிகளோடு பின்னோக்கி வெளியேறும். கரை மணலா பாறையா என்ற கவலை கப்பலுக்கு இல்லை, படகுக்கு மட்டுமே. முன்னவற்றைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காக 16,000 டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பலில் வழக்கமாக 356 வீரர்கள் தங்கலாம். ஓட்டுவதற்குச் சுமார் 60 பேர் போதும். இதை நல்ல பேரம் என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. பெரிய ஹெலிகாப்டர்கள் இறங்கத் தளம் அமைத்தவர்கள் நிலையான கொட்டகை கட்டாமல் விட்டதால், பிற்பாடு தற்காலிகக் கூடாரம் போட்டுச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கட்டுமானமும் சீராக நடக்கவில்லை: ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளத்தில் தாமதமும் செலவும் ஏறியதால், 'லைம் பே'யை 2006இல் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள வேறொரு தளத்துக்கு இழுத்துச் சென்றே முடித்தார்கள். 2011இல் 'லார்க்ஸ் பே'யை 6.5 கோடி பவுண்டுக்கு ஆஸ்திரேலியாவுக்கு விற்றதில் லாபம் வாங்கியவர்களுக்கே என்பது என் எண்ணம், அடுத்த ஆண்டே அதன் உந்துவிசை மின்மாற்றி ஒன்று பழுதாகி அவர்களைப் படுத்தியபோதிலும்.

2017இல் இர்மா புயல் கரீபியத் தீவுகளைச் சூறையாடியபோது முன்கூட்டியே அப்பகுதியில் நின்ற 'மவுன்ட்ஸ் பே' ஆங்குவிலாவுக்கு உதவி கொண்டுசேர்த்தது. சண்டையைக் காட்டிலும் இத்தகைய வேலையில்தான் அந்தக் குளமும் பரந்த வண்டித்தளமும் முழுப் பயன் தருகின்றன. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். பிடித்துக்கொண்ட ஒன்று கொட்டகைக்காக. மாலுமிகளைப் பேணும் நிர்வாகத்துக்கு அந்த நான்கைத் தர மனம் வரவில்லை: ஆள் பற்றாக்குறை நீடிக்க, ஊதியம் போதவில்லை என்று 2024இல் அவர்கள் வேலைநிறுத்தமே செய்துவிட்டார்கள்.